பார்க்கக் கண் உண்டு. கூலி கொடுக்கக் கை இல்லையா?

கண்ணுக்குத் தெரியாத கம்பி ஒன்று இன்று நம் ஊர்களில் எல்லாம் ஓடுகிறது. இணையம் என்பது அதன் பெயர். கப்பலூர் டோல்கேட்டில் தலைக்கு மேலே தொங்கும் பெட்டி அதில் கட்டப்பட்டிருக்கிறது. கண்மாய்க் கரையில் வேலையாட்களை நிறுத்திப் படம் பிடித்த செல்போன் அதில் கட்டப்பட்டிருந்தது. ரேஷன் கடையில் விரல் வைக்கச் சொல்லும் மிஷின், டீக்கடையில் "பத்து ரூபாய் வந்தது" என்று கத்தும் பெட்டி, மில்லில் பிரேமுக்குப் பக்கத்தில் மினுக்கும் திரை, நாளை நம் வீட்டுச் சுவரில் மாட்டத் துடிக்கிறார்களே அந்த மீட்டர், அத்தனையும் ஒரே கம்பியில் கோத்த மணிகள்.

இதற்கு 'டிஜிட்டல் புரட்சி' என்று பெயர் சூட்டி முதலாளிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் புகழ்கின்றன. புரட்சி என்ற சொல்லைக் கேட்டாலே போலீசுக்கு ஆள் அனுப்பிய கனதனவான்கள், இந்தப் புரட்சிக்கு மாத்திரம் மாலை போட்டு வரவேற்கிறார்கள். ஏன்? இந்தப் புரட்சியில் அவர்கள் பெட்டி நிறைகிறது. நம் மடி குறைகிறது. காரணம் இதைத் தவிர வேறென்ன?

யந்திரத்தைக் குறை சொல்வது நம் நோக்கமல்ல. அந்த யந்திரத்தின் கண் யாரைப் பார்க்கிறது, யாரைப் பார்க்காமல் மூடிக்கொள்கிறது என்பதுதான் நாம் கேட்கும் கேள்வி.

யந்திரம் நமக்குப் பகையா?

இல்லை. யந்திரத்தைச் செய்ததே தொழிலாளியின் கை. அதைப் பகை என்று சொல்பவன் தன் கையையே பகை என்று சொல்கிறவன்.

கிணற்று மோட்டாரைச் செல்போனிலிருந்தே ஓட்டும் கருவி வந்திருக்கிறது. தமிழக சர்க்கார் மானியமும் கொடுத்தது. முன்பெல்லாம் நடுச்சாமத்தில் மும்முனை மின்சாரம் வந்தால், டார்ச் லைட்டும் தடியுமாக ஒருவன் வரப்பில் ஓட வேண்டும். வரப்பில் பாம்பு, பம்பு செட்டு அறையில் ஈரக் கம்பி. எத்தனை பேர் அப்படி மாண்டார்கள்! அந்த ஓட்டத்தை ஒரு கருவி நிறுத்துமானால் நாம் அதை இரு கை நீட்டி வரவேற்போம். திருப்பூர் பனியன் கம்பெனியிலே வேலை செய்யும் மகன் அனுப்பிய பணம் அதே விநாடியில் சேடபட்டித் தாயின் கணக்குக்கு வருகிறது. நல்ல காரியம். மணியார்டருக்காகத் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக் கிடந்த காலம் போயிற்று.

1950களில் பஞ்சாலை முதலாளிகள் 'ரேஷனலைசேஷன்' என்ற பெயரில் ஆட்களைக் குறைத்து, இருப்பவன் தலையில் இரட்டை வேலையைக் கட்டினார்கள். கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1955-ல் 80 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் தறியைச் சுத்தியலால் உடைக்கவில்லை. 'யந்திரத்தால் வரும் ஆதாயம் உனக்கு, வேலைப்பளுவும் வேலையின்மையும் எனக்கா?' என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஆளும் வர்க்கம் பதில் சொல்லவில்லை. கேள்வி மாத்திரம் மில் வாசலைத் தாண்டி வயலுக்கும் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது.

கடைத்தெருவைப் பாருங்கள். வடை போடுகிறவர் முன்னே ஒரு சத்தப்பெட்டி. அதற்கு மாத வாடகை. எந்த நாளில் எத்தனை வடை விற்றது, எந்த மணியில் கூட்டம் அதிகம் என்ற கணக்கு, கடைக்காரருக்குத் தெரியுமுன் பெட்டிக்குச் சொந்தக்காரனுக்குத் தெரியும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 'கடன் வேண்டுமா?' என்று செல்போனிலே கூப்பிடுகிறான். வாங்கினால், தினசரி வசூலிலிருந்தே தவணையைப் பிடித்துக்கொள்கிறான். இது நமக்குத் தெரியாத தொழிலா? தினத்தண்டல்தான்! பழைய தண்டல்காரன் சைக்கிளில் வந்தான். மழை நாளில் 'நாளைக்கு வாங்கண்ணே' என்று சொல்லி ஒரு நாள் தப்பலாம். புதிய தண்டல்காரன் பெட்டிக்குள்ளேயே குடியிருக்கிறான். அவனுக்கு மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது.

கண்மாய்க் கரையில் படம் பிடித்த ராஜ்யம்

நூறு நாள் வேலைக்கு வருவோம். 2005-ம் வருஷம் இடதுசாரிகளின் நிர்ப்பந்தத்தாலும் உழைப்பாளி மக்களின் போராட்டத்தாலும் பிறந்த சட்டம் அது. டி.கல்லுப்பட்டி, பேரையூர், கள்ளிக்குடிக் கரிசல் காட்டிலே மழை பொய்த்தால் வேலை ஏது? அந்த மாதங்களில் ஆயிரமாயிரம் பெண்களின் அடுப்பு எரிந்தது இந்தக் கூலியால்தான்.

2021 மே மாதம் மத்திய சர்க்கார் ஒரு செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் அநேகமாக எல்லா வேலைத்தளத்துக்கும் அது கட்டாயம் என்றது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் எடுத்த படம் என்ற முத்திரையோடு அது டில்லிக்குப் போக வேண்டும். போகாவிட்டால்? வெட்டிய மண் கரையில் கிடக்கும். வெட்டியவள் பேர் கணக்கில் கிடக்காது!

சிக்னல் கிடைக்காத கண்மாய்கள் உண்டு. சார்ஜ் இறங்கிய போன்கள் உண்டு. வேலையோ, செய்த அளவுக்குக் கூலி தரும் வேலை. வெயில் ஏறுமுன் வந்து, குறித்த அளவை வெட்டி முடித்துவிட்ட பெண்ணும், பிற்பகல் படத்துக்காகக் கருவேல மர நிழலில் காத்துக் கிடக்க வேண்டியதாயிற்று. வீட்டிலே கைக்குழந்தை, கொட்டிலிலே மாடு. செயலிக்கு அது தெரியுமா?

திருட்டை ஒழிக்கத்தான் இந்த ஏற்பாடு என்றார்கள். சரி, ஒழிந்ததா? 2025 ஜூலை 8-ம் தேதி மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், படத்திலுள்ள ஆட்களும் கணக்கிலுள்ள ஆட்களும் ஒத்துப்போகவில்லை என்று ஒப்புக்கொண்டது. ஆக, திருடத் தெரிந்தவன் செயலியையும் ஏமாற்றினான். அகப்பட்டவள் யார்? நேர்மையாக மண் சுமந்தவள்!

இன்னொரு கணக்கையும் பாருங்கள். படம் டில்லிக்குப் போக ஒரு விநாடி. கூலி டில்லியிலிருந்து வர எத்தனை நாள்? தமிழகத்துக்கு 1,056 கோடி ரூபாய் கூலி பாக்கி என்று 2025 ஜனவரியில் முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சு மாதத்தில் அந்தப் பாக்கி 4,034 கோடியாக வளர்ந்துவிட்டது என்று மாநில சர்க்கார் சொன்னது. ஐந்து மாதமாக வேலை செய்தவர்களுக்குக் கூலி இல்லை!

அந்தச் சட்டம் என்ன சொன்னது? பதினைந்து நாளில் கூலி. பதினாறாம் நாளுக்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் நஷ்டஈடு. 2024-25-ல் தமிழகத்தில் நாள் கூலி 319 ரூபாய். ஆறு நாள் வேலைக்கு 1,914 ரூபாய். ஒரு நாள் தாமதத்துக்கு நஷ்டஈடு 96 காசு! அந்தப் பிச்சைக் காசாவது யந்திரம் தானாகக் கணக்குப் போட்டு, தானாகக் கொடுத்ததா? நம் முகத்தை இடத்தோடும் நேரத்தோடும் அறிந்த யந்திரத்துக்கு, கூலி கொடுக்கும் தேதி மாத்திரம் மறந்துபோனது எப்படி? மறக்கவில்லை, தோழர்களே! அந்த வேலையை யாரும் அதற்குக் கொடுக்கவில்லை.

2023 பிப்ரவரியில் பல மாநிலத்து நூறு நாள் தொழிலாளர்கள் டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து இந்தச் செயலியை எடு என்று கேட்டார்கள். மத்திய சர்க்கார் என்ன செய்தது? செயலியை எடுக்கவில்லை, சட்டத்தையே எடுத்துவிட்டது. 2025 டிசம்பரில் பழைய சட்டத்துக்குப் பதிலாக 'விபி-ஜி ராம் ஜி' என்ற புதிய சட்டத்தை நாடாளுமன்றத்தில் நிறைவேற்றியது. நூறு நாள் 125 நாளாகிறது என்று தம்பட்டம். ஆனால் செலவில் நூற்றுக்கு 40 பங்கு மாநிலத்தின் தலையில். விதைப்பு அறுப்புக் காலத்தில் 60 நாள்வரை வேலை நிறுத்திவைக்கப்படும். அதாவது, பெரிய பண்ணைக்காரனுக்கு மலிவாக ஆள் கிடைக்க சர்க்காரே ஏற்பாடு! அங்க அடையாளமும் இடம் காட்டும் கருவியும் இப்போது சட்டத்துக்குள்ளேயே ஏறிக்கொண்டன. காந்தியின் பெயர் போயிற்று, கண்காணிப்பு நிலைத்தது.

விரல் தேய்ந்தது யாருக்காக?

தமிழகத்தில் ரேஷன் கடைகளுக்குக் கைரேகை முறை 2020 அக்டோபரில் வந்தது. சிமெண்டு கலந்த விரல், மிளகாய் பறித்த விரல், அறுபது வருஷம் களை எடுத்த விரல், அதில் ரேகை எங்கே இருக்கும்? மிஷின் சிவப்பு விளக்குக் காட்டுகிறது. துடைத்து வை, எண்ணெய் தடவி வை, நாளைக்கு வா! அரிசிக்காக ஒரு நாள் கூலியை இழந்து வரிசையில் நின்றவளுக்கு இதுவா பதில்? இந்த நாட்டுக்குச் சோறு போட்டுத் தேய்ந்த விரலுக்கு இந்த நாட்டின் மிஷினில் அடையாளம் இல்லையாம்!

இது வெறும் அலைச்சல் விஷயமல்ல. ஜார்க்கண்ட் மாநிலத்தின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி மாண்டாள். ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டு ரத்தாகியிருந்தது. சோறு கேட்டே செத்தாள் என்றாள் தாய். மலேரியா என்றார்கள் அதிகாரிகள். அடுத்த மாதமே, ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய சர்க்கார் சுற்றறிக்கை அனுப்பியது. ஒரு குழந்தையின் உயிரைக் கொடுத்தல்லவா அந்த ஒரு தாள் காகிதத்தை வாங்க வேண்டியிருந்தது!

ரேகை என்றதும் திருமங்கலம் வட்டாரத்துக்கு ஒரு பழைய நினைவு வராமல் போகாது. 1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளைக்காரன் நம் சீமையில் பிரமலைக் கள்ளர் மக்கள் மீது ஏவினான். பிறந்த குலத்தைக் காட்டி, குற்றம் செய்யாதவனையும் ரேகை வைக்கச் சொன்னான். இரவில் போலீஸ் காவலில் வந்து படுக்கச் சொன்னான். ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். அந்நாளில் திருமங்கலம் தாலுகாவில் இருந்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற வீரப் பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள். மதுரையில் ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக வாதாடினார். முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்ட பலரும் அச்சட்டத்தை எதிர்த்தார்கள். 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது.

அந்த ரேகையும் ரேஷன் கடை ரேகையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. அது விலங்கு, இது அரிசிக்கு அத்தாட்சி. ஆனால் பெருங்காமநல்லூர் ஒரு பாடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. ஏழை எப்போதும் தன்னை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதிகாரி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்றிருக்கும் ஏற்பாடு எதுவானாலும், அதை ஏழை ஒரு நாள் எதிர்த்தே தீருவான்.

மில்லுக்குள் திரை

மதுரையில் ஹார்வி துரைகள் பஞ்சாலை எழுப்பியது 1890களில். அன்று மில்லின் சங்கு ஊருக்கே நேரம் சொன்னது. சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. ஷிப்டின் தொடக்கமும் முடிவும் மாத்திரம்தான் சங்குக்குத் தெரியும்.

இன்றைய நூற்பு மில்களில் சங்கின் வேலையைத் திரை பார்க்கிறது. பிரேமுக்குப் பிரேம், நவீன மில்களில் கதிருக்குக் கதிர், உணரும் கருவி வைத்திருக்கிறார்கள். எந்தக் கதிரில் நூல் அறுந்தது, எத்தனை நிமிஷம் அறுந்து கிடந்தது, எந்த சைடு பார்க்கிறவர் எவ்வளவு நேரத்தில் வந்து இழை ஒட்டினார், எல்லாம் திரையில். மானேஜர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் பார்க்கலாம். மேஸ்திரிக்குப் பயந்தவனுக்காவது மேஸ்திரி முதுகைத் திருப்பும் நேரம் கிடைத்தது. திரைக்கு முதுகே கிடையாது.

அறுபட்ட கதிரைத் தேடித் தேடி நடக்கும் வேலை குறைகிறதே, நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். அந்த மிச்ச நேரம் யாருக்குப் போகிறது? தொழிலாளிக்கு இளைப்பாறப் போகிறதா? இன்னும் இரண்டு சைடு சேர்த்துக் கொடுக்கப் போகிறது! 1955-ல் கான்பூர் கேட்ட கேள்வியே இங்கும் நிற்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நூல் அறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக மில்லுக்குள் சூட்டையும் ஈரத்தையும் கருவி வைத்து அளக்கிறார்கள். கூடினாலும் குறைந்தாலும் உடனே தெரியும். பஞ்சின் நலத்துக்கு அத்தனை அக்கறை! அதே காற்றில் பறக்கும் பஞ்சுத் தூசி தொழிலாளியின் நெஞ்சுக்குள் போய் மூச்சிரைப்பு நோயாகிறது. ஷிப்டுக்கு எவ்வளவு தூசி பறந்தது என்பதைத் தொழிலாளிக்குத் திரையில் காட்டும் கருவியை எத்தனை மில்லில் பார்த்திருக்கிறீர்கள்? இழை அறுந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. மனிதன் மூச்சு அறுந்தால் எந்த விளக்கும் எரிவதில்லை.

சுவரில் ஏறத் துடிக்கும் மீட்டர்

இப்போது நம் வீட்டுக்குள்ளேயே வரப் பார்க்கிறார்கள். 'ஸ்மார்ட் மீட்டர்' என்ற மின்சார மீட்டர் தானே ரீடிங் எடுத்துத் தானே அனுப்பும். தூரத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்கவும் அதால் முடியும். முன்பணம் கட்டினால்தான் விளக்கு எரியும் என்ற ஏற்பாட்டுக்கும் அது வழி. 2023-ல் மத்திய சர்க்கார் போட்ட விதி, இத்தகைய மீட்டர் வந்த பிறகு பகலில் வெயில் நேரத்தில் மலிவு, உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணம் என்கிறது. பகலிலே நம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? வேலை முடித்து வந்து விளக்கேற்றிச் சோறு ஆக்கும் மாலை நேரமல்லவா உச்ச நேரம்! ரீடிங் எடுக்கும் ஊழியரின் வேலைக்கும் ஆபத்து.

தமிழகத்தில் சென்னை உள்ளிட்ட எட்டு மாவட்டங்களில் 82 லட்சம் மீட்டர்களுக்கான டெண்டரில் குறைந்த விலை கேட்டது அதானி கம்பெனி. 'குறைந்த' விலையே தாங்காது என்று 2024 டிசம்பரில் மின்வாரியம் அந்த டெண்டரை ரத்து செய்தது. மின் ஊழியர்களும் இடதுசாரிகளும் எழுப்பிய குரலுக்கு அதில் பங்குண்டு. ரத்தானது ஒரு டெண்டர்தான், திட்டம் ரத்தாகவில்லை. விழித்திருப்போம்.

கப்பலூர் சொல்லும் உண்மை

கடைசியாகக் கப்பலூருக்கு வருவோம். மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் பாதையை ராணி மங்கம்மாள் சாலை என்று பாட்டன்மார் சொல்வார்கள். அவள் வழிப்போக்கனுக்குச் சத்திரம் கட்டினாள். இவர்கள் சுங்கச்சாவடி கட்டியிருக்கிறார்கள்.

நகராட்சி எல்லையிலிருந்து பத்து கிலோமீட்டருக்கு அப்பால்தான் சாவடி இருக்க வேண்டும் என்பது 2008-ம் வருஷ விதியின் பொது ஏற்பாடு. விதிவிலக்கு என்ற பொந்துகளும் அதிலேயே உண்டு. கப்பலூர் சாவடியோ திருமங்கலத்தின் வாசற்படியிலேயே இருக்கிறது! சொந்த ஊரிலிருந்து சந்தைக்குப் போகச் சுங்கமா என்று மக்கள் வருஷக் கணக்காகக் கேட்கிறார்கள். 2024 ஜூலை 10 முதல் உள்ளூர் வண்டிகளும் பாதிக் கட்டணம் கட்ட வேண்டும் என்றபோது ரோட்டில் உட்கார்ந்து மறித்தார்கள். அந்த மாதக் கடைசியில் திருமங்கலத்தில் கடையடைப்பு. 2021 பிப்ரவரி முதல் நாடெங்கும் 'பாஸ்ட்டேக்' வில்லை கட்டாயம். வில்லை இல்லாவிட்டால் கூடுதல் கட்டணம். பணம் பிடிக்கத் தெரிந்த வில்லைக்கு, இவன் உள்ளூர்க்காரன் என்று தெரிந்துகொள்ள மாத்திரம் தெரியாது.

2025 ஜூலையில் இன்னொரு கூத்து. சுங்கக் கட்டணப் பாக்கி 276 கோடி ரூபாய் என்று சொல்லி, கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு சாவடிகளில் அரசுப் பஸ்களையே விடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு அது தள்ளிவைக்கப்பட்டது. ஏழை ஏறும் பஸ்ஸை மறிக்கும் அளவுக்குத் தனியார் சாவடிக்கு வரவேண்டிய காசு அத்தனை புனிதம்! கூலி பாக்கி 4,034 கோடி என்றபோது எந்தக் கட்டை யார் காரை மறித்தது?

அதே டோல்கேட்டில் ஒளிந்திருக்கும் ஒரு விதியை உழைப்பாளி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வில்லை சரியாக இருந்து, கணக்கில் பணமும் இருந்து, சாவடியின் மிஷின் பழுதானால், வண்டியைக் காசு வாங்காமல் விட வேண்டும். இது 2018 மே மாதம் மத்திய சர்க்கார் வெளியிட்ட அறிவிப்பு. நல்ல விதி. மிஷின் அவர்களுடையது, பழுதும் அவர்களுடையது, நஷ்டமும் அவர்களுடையது!

கார்காரருக்கு இந்த நியாயம் உண்டென்றால், கண்மாயில் மண் சுமந்தவளுக்கு ஏன் இல்லை? செல்போன் பழுதானால் அவள் கூலி ஏன் போக வேண்டும்? ரேஷன் மிஷின் விரலை அறியாவிட்டால் அவள் ஏன் வெறும் பையோடு திரும்ப வேண்டும்? காரில் போகிறவனுக்கு ஒரு சட்டம், காலில் போகிறவளுக்கு ஒரு சட்டமா? இந்தப் பேதத்துக்குப் பெயர்தான் வர்க்கம், தோழர்களே!

கண்ணைத் திருப்பு!

இந்தக் கருவிகளை மேல்நோக்கியும் திருப்பலாம். ராஜஸ்தானத்தில் மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளி மக்களின் அமைப்பு 1994 முதல் ஊர்ச் சபையில் சர்க்கார் கணக்கைச் சத்தமாக வாசித்தது. கட்டாத கட்டடத்துக்குப் பில், செத்தவன் பேரில் கூலி, எல்லாம் சந்தி சிரித்தது. அந்தப் போராட்டமும் சேர்ந்துதான் 2005-ல் தகவல் உரிமைச் சட்டம் பிறந்தது. 2019-ல் அதே ராஜஸ்தானத்தில் ரேஷன் கடையின் சரக்கு, வேலைத்தளக் கணக்கு முதலியவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் திறந்து வைத்தார்கள். அதே கம்பிதான். கண் மாத்திரம் திசை மாறியது.

டில்லி என்ன செய்கிறது? 2023-ல் ஒரு தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அதன் 44(3) பிரிவு, தனிநபர் தகவல் என்று சொல்லி அதிகாரிகள் மறுக்க வசதியாகத் தகவல் உரிமைச் சட்டத்தையே திருத்தியது. 2025 நவம்பரில் அதை அமலுக்கும் கொண்டுவந்தது. நம் விரலும் முகமும் அவர்களுக்குத் திறந்த புத்தகம். அவர்கள் கணக்கு நமக்கு மூடிய பெட்டகம்!

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

1. மிஷின் பழுதானால் உழைப்பாளிக்கு நஷ்டமில்லை என்பதைச் சட்டமாக்கு. ஒவ்வொரு ரேஷன் கடையிலும் வேலைத்தளத்திலும் காகிதப் பதிவேடு இருக்க வேண்டும்; அதில் வைத்த கையெழுத்தும் கைநாட்டும் செல்லுபடியாக வேண்டும்.

2. எந்த யந்திரம் பேர் எடுக்கிறதோ அதே யந்திரம் கூலித் தேதியையும் கணக்கிட வேண்டும். தாமதமானால் நஷ்டஈடு கேட்காமலே கணக்கில் ஏற வேண்டும். அது 96 காசாக இருக்கக் கூடாது. உறைக்கும் தொகையாக இருக்க வேண்டும்.

3. நூறு நாள் வேலைச் சட்டத்தின் உரிமைகளைத் திரும்பக் கொடு. அறுப்புக் காலத்தில் வேலையை நிறுத்தும் விதியை நீக்கு.

4. மில்லில் திரைக் கணக்கைத் தொழிற்சங்கத்துக்கும் காட்டு. ஒருவருக்கு எத்தனை சைடு என்பதை ஒப்பந்தத்தில் தீர்மானி. தூசி அளவைத் தொழிலாளி கண்ணுக்குத் தெரியும்படி வை.

5. முன்பண மீட்டர் வேண்டாம். குடிசைக்கும் பம்பு செட்டுக்கும் கிடைக்கும் சலுகையில் கை வைக்காதே.

6. கப்பலூர் சுங்கச்சாவடியை அகற்று.

இவை ஆகாயத்திலிருந்து இறங்கி வரா. நூறு நாள் வேலை செய்யும் பெண்கள் அடுத்த கிராம சபைக்குக் கூட்டமாகப் போக வேண்டும். வேலை அட்டையில் நாளைக் குறித்து வைத்துக்கொண்டு, 'எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் கூலி, பாக்கி எங்கே?' என்று எழுந்து கேட்க வேண்டும். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்ய வேண்டும். விரல் பதியவில்லை என்று திருப்பி அனுப்பினால் தனியாகத் திரும்பாதீர்கள். நாலு பேராக நின்று, எந்த விதிப்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கடை ஊழியர் நம் பகைவரல்ல. அவரும் மிஷினிடம் மாட்டிக்கொண்ட உழைப்பாளிதான். மில் தோழர்கள் தங்கள் சைடு எண்ணிக்கை எந்த மாதத்தில் எவ்வளவு கூடியது என்று சங்கத்தில் எழுதி வையுங்கள். முதலாளியிடம் திரை இருந்தால் நம்மிடம் நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்!

செல்போனிலே படம் பிடிக்க அவர்களுக்கு மாத்திரமா தெரியும்? பூட்டிக் கிடக்கும் ரேஷன் கடையை, வெட்டாத வாய்க்காலுக்குப் போட்ட பில்லை, தூசி மண்டிய மில் கூடத்தை நம் பிள்ளைகளும் படம் பிடிப்பார்கள். மேலிருந்து கீழே பார்க்கும் கண்ணைக் கீழிருந்து மேலே பார்க்கத் திருப்புவோம்.

தேய்ந்த விரல்கள் தனித்தனியாக வைத்தால் மிஷினில் பதியாமல் போகலாம். சேர்ந்து முஷ்டியாக உயர்ந்தால் அது எந்த ராஜ்யத்தின் கண்ணிலும் பதியும்!

உழைப்பவன் கணக்கு உழைப்பவன் கையில்!
தொழிலாளி–விவசாயி ஒற்றுமை ஓங்குக!